உள்ளங்கையில் வாங்கிய எண்ணெய்

கோவில்பட்டி
கார்த்திகை 24

அன்பு மகள் விஜிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். வழக்கமாகக் கை தன்னால் எழுதிவிடும் வரி இது, இந்தத் தடவை ஊசி குத்தி ரத்தம் எடுத்து டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு எழுதுகிறேன், அதனால் தாராளமாக நம்பு. அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்ற பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன், அதில் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தாளை எடுத்தார் என்று பயந்துவிடாதே. போனில் சொன்னால் பாதியிலேயே நீ புகுந்து திட்ட ஆரம்பித்துவிடுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்று தாளம் போடுவாள். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரை நீ வாயைத் திறக்க முடியாது பார். ஒரு தப்பு செய்திருக்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஐப்பசி பிறந்த சமயத்தில் வியாபாரிகள் சங்கத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள், கொலஸ்ட்ரால் பார்க்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு என்ன கஷ்டம், சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவன் நான். முந்தின நாள் ஒரு காதுகுத்து வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியதோடு சரி. காலையில் வழக்கம்போலச் செக்கை ஓட்டிவிட்டு எட்டு மணிக்குப் போய்க் கையை நீட்டினேன். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மூன்றாம் நாள் தாள் வந்தது. டிரைகிளிசரைடு என்று ஒரு கொழுப்பு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அதைவிட என்னை உலுக்கியது அடுத்த வரி. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு, அதற்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. எண்ணில் அடங்காத அளவுக்குப் போய்விட்டது போல, ஆள் பயந்துவிடுவான் என்று இரக்கப்பட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். செல்போனில் தேடினால் எந்த வழியில் போனாலும் மாரடைப்பில்தான் கொண்டுபோய் விடுகிறது. தாளை நாலாக மடித்துச் செக்கில் எடைக்கற்கள் வைக்கிற பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை. இதுதான் நான் செய்த தப்பு.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். உன் பெரியப்பா நினைப்புதான். அண்ணன் இறந்தது உனக்குத் தெரியும், அன்றைக்கு நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயசு, பிண்ணாக்கு மூட்டையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, ஏலே கிருஷ்ணா, நெஞ்சு கரிக்குது, வாயுவாத்தான் இருக்கும், எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றார். நானும் வாயு என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் சோடா வாங்கி வந்து நானே உடைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தார், ஒரு ஏப்பம் விட்டார், சரியாப் போச்சுடே என்று சிரித்தார். நான் எள் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பத்து நிமிஷம். நான் சோடாக் கடைக்கு ஓடினேன். பதினோரு வருஷமாக அது என் தொண்டையில் நிற்கிறது. தாளைப் பார்த்ததும் எனக்கும் அதே வழிதான் என்று தோன்றிவிட்டது, போய்க் காட்டினால் இன்றைக்கே நாள் குறித்துவிடுவார்கள் என்று ஒரு கோழைத்தனம்.

ஆறு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முட்டையை விட்டேன், வடையை விட்டேன், காரச்சேவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், செக்கை மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சாத்தூரில் ஒருத்தரிடம் செக்கைக் கைமாற்றிவிடலாமா என்று பேசிக்கூட வைத்தேன். உன் அம்மாவுக்கு மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட, நிறுத்த, பிண்ணாக்குக்காரரிடம் பேச எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உனக்குத் தினமும் போன் போட்டேன், என்னப்பா ஓயாமக் கூப்பிடுதீங்க என்று நீ சலித்துக்கொண்டாயே, அதுதான் விஷயம். உன் அம்மா ராமலட்சுமியை ஏமாற்ற முடியுமா? மனுசன் வடை வேண்டாம் என்கிறார், செக்கைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறார், என்னவோ இருக்கிறது என்று ஒரு நாள் பெட்டியைப் புரட்டித் தாளை எடுத்துவிட்டாள். அடேயப்பா, அன்றைக்கு வாங்கிய வசவு போல ஆயுசில் வாங்கியதில்லை. என்னய என்ன கல்லுன்னு நெனச்சீங்களா, உங்க அண்ணாச்சியத் தூக்கிட்டு வந்தது மாதிரி ஒரு நாள் உங்களையும் தூக்கிட்டு வந்து எம் முன்னால போடுவாவ, நான் பாத்துக்கிட்டு இருக்கணும், அப்படித்தானே என்று கேட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுது முடித்த கையோடு லேபுக்கு அவளே போன் போட்டு, நாளைக்கே ஆள அனுப்புங்க, இவிய அங்கன வரமாட்டாவ, ஓடிப் போயிருவாவ என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெயப்பிரியா என்று ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் செக்குக்கே வந்தது. உன்னைவிடச் சின்னப் பிள்ளை, ஆனால் என்ன அதிகாரம்! ஊசியெல்லாம் எடுத்து வைத்து, சட்டையை மடிங்க என்றது. அந்த நேரம் பார்த்து நல்லெண்ணெய் ஆட்டி முடிந்தது. ஒரு நிமிஷம் இரும்மா என்று சொல்லிவிட்டு, முப்பது வருஷமாகச் செய்கிற மாதிரி, இடது உள்ளங்கையைக் குழித்து எண்ணெயைப் பிடித்து உறிஞ்சினேன். எள்ளோடு போட்டு ஆட்டிய கருப்பட்டி சேர்ந்திருக்கிறதா, எள் கசக்கிறதா என்று நாக்கில் பார்த்தால்தானே தெரியும். மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினால் அந்தப் பிள்ளை ஊசியைப் பிடித்தபடி என்னையே பார்க்கிறது. ஐயா, இப்ப என்ன குடிச்சீங்க? ஒன்றும் குடிக்கவில்லை, பதம் பார்த்தேன் என்றேன். தினமும் பாப்பீங்களா? நல்லெண்ணெய்க்கு இரண்டு தடவை, கடலை எண்ணெய்க்கு ஒரு தடவை என்றேன். முகாமுக்குப் போன அன்னிக்கும் பாத்தீங்களா? பார்க்காமல் எப்படி விற்கிறது என்றேன். எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை விஜி, சஷ்டி விரதத்தில்கூடப் பார்ப்பேன், அதனால் விரதம் கெட்டது என்று ஒரு சாமியும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளை ஊசியை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டது. மூணு கை எண்ணெயக் குடிச்சிட்டு வெறும் வயித்துல வந்தேன்னு சொல்லியிருக்கீங்க, நாளைக்கி வாரேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணியத் தவிர எதுவும் படக்கூடாது, எண்ணெயும்தான் என்று சொல்லி ஸ்கூட்டியை முடுக்கியது. உன் அம்மா சிரித்தாள் பார், ஆறு வாரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

மறுநாள் அவளே செக்குக்கு வந்து எனக்குக் காவல் நின்றாள். எண்ணெய் இறங்கியதும் அவள்தான் நாக்கில் தொட்டுப் பார்த்து, கருப்பட்டி கொஞ்சம் கூடுதல் என்றாள். உண்மைதான், கூடுதல்தான். ஜெயப்பிரியா ரத்தம் எடுத்துப் போய் மறுநாள் தாளை அனுப்பியது. டிரைகிளிசரைடு நூற்று எண்பத்தாறு. கோடு இருந்த இடத்தில் எண் இருந்தது விஜி, நூற்று முப்பத்தெட்டு. சந்தோஷத்தில் அந்த எண்ணை உன் அம்மாவுக்கு இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். டிரைகிளிசரைடு நானூறைத் தாண்டினால் எல்.டி.எல். கணக்கு சரியாக வராது, அதனால் கோடு போடுகிறது லேபில் வழக்கம் என்றார். அவ்வளவுதான் அந்தக் கோடு, அதற்கு நான் ஆறு வாரம் செத்துப் பிழைத்திருக்கிறேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓட வைத்தார்கள், வேட்டியோடு ஏற விடவில்லை, யாருடைய கால்சட்டையையோ கொடுத்தார்கள், அதையும் போட்டுக்கொண்டு ஒன்பது நிமிஷம் ஓடினேன். இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்றார். அப்பாடா என்று இருந்தது. அண்ணன் கதையைச் சொன்னதும்தான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. இரண்டு எண்ணும் இன்னும் இறங்க வேண்டும், வீட்டில் ஒருத்தர் அந்த வயசில் போயிருப்பதால் அசட்டையாக இருக்கக் கூடாது என்று ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் நடக்கிறேன். மழை பெய்து கரிசல் காலைப் பிடிக்கிறது என்று பைபாஸ் ரோட்டோரமாகப் போகிறேன், உன் அம்மாவும் கூட வருகிறாள். எண்ணெயை இப்போது மருந்து வைக்காத தீக்குச்சி நுனியில் தொட்டுத்தான் பார்க்கிறேன். சாத்தூர்க்காரரிடம் செக்கு கொடுக்கிறதாக இல்லை என்று சொல்லியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், ஜெயப்பிரியாதான் வரும், அதை ஏமாற்ற முடியாது.

இனி உன் பேச்சு. கிளம்பும்போது டாக்டர், பிள்ளைகள் இருக்காங்களா, அவங்களையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, ரத்தத்தில் வருகிற சமாச்சாரம் என்றார். உங்கள் ஆபீசில் எல்லாருக்கும் பரிசோதனை வைத்தார்கள், நீ போகவில்லை என்று தீபாவளி அன்றைக்குச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு முப்பத்திரண்டு வயசுதான, எனக்கு என்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றாய். ஏட்டி, அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் பிண்ணாக்கு மூட்டை மேல் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஆமாம் என்று தலையாட்டி சோடா வாங்கிக் கொடுத்தேன், இன்றைக்குத் தலையாட்ட மாட்டேன். போய் ரத்தம் கொடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் தெம்பாக இருக்க வேண்டும், திருச்செந்தூர் முருகன் பார்த்துக்கொள்வான். அம்மா இதோடு பருப்புப் பொடியும் அனுப்புகிறாள். என் இரண்டு தாளின் ஜெராக்ஸையும் உள்ளே வைத்திருக்கிறேன், கோடு போட்டதையும் சேர்த்துத்தான். உன் தாள் வந்ததும் அதில் எந்த எண் இருந்தாலும், எண்ணே இல்லாமல் கோடு இருந்தாலும், எந்தப் பெட்டிக்கு அடியிலும் வைக்காமல் முதலில் எனக்கு அனுப்பு. சேர்ந்து பயப்படுவோம்.

உன் அப்பா,
நவநீதகிருஷ்ணன்