மூன்றுக்குப் பூஜ்யம்

பெரியபட்டினம்,
18.1.2026

இர்பானுக்கு, ஜாபர் சாதிக் சலாம் சொல்லி எழுதுவது.

கிழித்துவிடாதே மாப்ள. கவர் மேலே சல்மாவின் கையெழுத்தைப் பார்த்துத்தான் பிரித்திருப்பாய். அது நான் செய்த ஏமாற்று வேலை. என் கையெழுத்து என்று தெரிந்தால் சவூதியில் ஏதாவது ஒரு தம்மாம் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். உன் வீட்டம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் பெயரை எழுத வைத்து, லீவு முடிந்து அங்கே திரும்பும் நுஃமான் கொண்டு வரும் பார்சலில் தொதல் இனிப்புக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். வாடை அடித்தால் பொறுத்துக்கொள். நீ என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிறது, எனக்கு வேறு வழியில்லை.

இங்கே எல்லோரும் நலம். காற்று இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் மீனுக்குக் குறைவில்லை. உன் உம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. இஃப்ராவுக்கு ஐந்து மாதம் முடிந்து, குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளாம். இதெல்லாம் நீ வீடியோ காலில் பார்ப்பதுதான். ஆனால் போன வாரம் சல்மா என் வீட்டுக்காரி மாஷிதாவிடம் ஒரு விஷயம் சொல்லி அழுதிருக்கிறாள். ஏப்ரலில் வரவேண்டிய லீவே வேண்டாம் என்று கம்பெனியில் எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். கள்ளாட்டம் ஆடுனவன்னு பேசுறானுக, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன வாரது என்று கேட்டாயாம். பெற்ற பிள்ளையை இன்னும் கையில் வாங்காதவன் இப்படிச் சொல்கிறான் என்றால் அதற்குக் காரணம் நான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தப் பேச்சுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பந்தாட்டம் பேசிக்கொள்கிறேன். சுற்றி வளைக்கிறான் என்று திட்டுவாய். திட்டு, எவ்வளவு நாளாயிற்று.

அக்டோபரில் கேப் வெர்டே உலகக் கோப்பைக்குத் தேர்வான வீடியோ வந்ததும் பழக்கதோஷத்தில் உனக்குத்தான் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. சரி, நாமாவது பார்ப்போம் என்று அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பக்கம் கடலுக்குள் பத்துத் தீவு. ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர், நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. மழையும் நம்மைப் போலத்தான், வந்தால் வந்தது. அதனால் பிழைப்புக்கு லிஸ்பன், ராட்டர்டாம், பாஸ்டன் என்று போனவர்கள் ஊரில் இருப்பவர்களைவிட அதிகமாம். லீவுக்கு வந்தவர்களை வைத்து அணி சேர்ப்பது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஒரு தேசிய அணியையே அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள், எங்கெங்கோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு. அயர்லாந்தில் பிறந்த ஒரு தடுப்பாட்டக்காரருக்கு, வேலை தேடும் வெப்சைட் ஒன்றில் பயிற்சியாளர் போர்த்துகீசிய மொழியில் மெசேஜ் போட்டிருக்கிறார். ஏதோ விளம்பரம் என்று அவர் மாதக்கணக்கில் பதிலே சொல்லவில்லை. மறுபடி இங்கிலீஷில் கேட்ட பிறகுதான் பதறிப்போய் வருகிறேன் என்றாராம். அதைப் படித்ததும் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

போர்ச்சுகலிடமிருந்து 1975-ல் விடுதலை வாங்கி, 1986-ல்தான் ஃபிஃபாவில் சேர்ந்தார்கள். 2013-ல் கேமரூனையே வெளியே தள்ளிவிட்டு முதன்முதலாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனபோது, அவர்களுடைய பயிற்சியாளர் விமான நிலையத்தில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை பார்த்தவர். ஜெராக்ஸ் கடைக்காரன் நான் செயலாளராக இருந்த நம்ம கிளப்பை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கால் இறுதி வரை வந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் துனீசியாவை அவர்கள் மண்ணிலேயே இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். உலகக் கோப்பைக்கு இன்னும் ஒரே ஒரு சுற்று. நாலைந்து நாளில் அந்த வெற்றி ரத்து. தடை முடியாத ஒரு வீரரை இறக்கிவிட்டார்களாம். மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றதாக எழுதிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய ஆதார் கார்டோ இருபது காப்பி வந்து விழுந்த பிறகுதான் நிறுத்தினேன்.

இனி நம்ம கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் என் வாயால் உன்னிடம் சொன்னதே இல்லை. போன வருஷம், ஆறு மாத லீவில் நீ ஊரில் இருந்தபோது, கடற்கரை ஊர்க் கோப்பையில் நோன்புக்கு முந்தைய கால் இறுதியில் ரெஃப்ரியிடம் எகிறிச் சிவப்பு அட்டை வாங்கினாய். ஒரு மேட்ச் தடை. நோன்பு வந்து போட்டி நின்றது. பெருநாளுக்கு மறுநாள் கல்யாணம் ஆனவர்களும் ஆகாதவர்களும் மோதும் நம்ம ஊர் ஆட்டம். அதில் உட்கார்ந்தால் தடை கழிந்துவிடும் என்று எவன் சொன்னான்? நான் சொன்னேன். புதுச் சட்டையோடு ஆட்டம் முழுக்க நீ உட்கார்ந்தே இருந்தாய். சாயல்குடி அணியோடு அரை இறுதியில் இறங்கும் முன்னால் நல்லா விசாரிச்சியாலே என்று கேட்டாய். கணக்குத் தீந்துபோச்சு, தைரியமா ஆடு என்று சொன்னதும் நான்தான். போட்டிக் கமிட்டிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும், ஊருக்குள் ஆடும் விளையாட்டு ஆட்டமெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லியிருப்பார்கள். நான் போடவில்லை. நீ இரண்டு கோல் அடித்தாய். மறுநாள் கமிட்டி சாயல்குடிக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

அதுகூட முட்டாள்தனம்தான், பாவம் இல்லை. பாவம் அன்று சாயங்காலம் கிளப்பில் நடந்தது. தலைவர் மீரா சாகிபு யாருய்யா இவன இறக்குனது என்று கேட்டார். கார்டு வாங்குனவனுக்குத் தெரியாதாக்கும் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். நீ என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். நீ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனாய், மறுநாள் ஃப்ளைட் ஏறிவிட்டாய். பயம்தான் மாப்ள, வேறொன்றும் இல்லை. பதினோரு வருஷச் செயலாளர் பதவி போய்விடுமே என்ற கேவலமான பயம்.

நேற்று முன்தினம் ஜும்ஆ தொழுகை முடிந்து அணி சேர்க்கிற கூட்டம். எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதச் சொல்ல ஒனக்கு ஒம்போது மாசமாலே என்று மீரா சாகிபு கேட்டார். இர்பான் கேட்டுத்தான் ஆடினார், தவறாகச் சொன்னது செயலாளர் என்று மினிட் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காப்பி இதோடு வைத்திருக்கிறேன். உன்னைப் பேசியவர்களில் பாதிப் பேர் அன்றே உன் உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். செயலாளர் இப்போது சுஐபு. எனக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது, ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

தடையோடு இறங்கிய அந்த கேப் வெர்டே வீரரை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை, அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையிலும் ஆடினார். பன்னிரண்டு வருஷம் கழித்து, சொந்த மைதானத்தில், எஸ்வாத்தினி நாட்டை அதே மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றுதான் உலகக் கோப்பைக்குப் போகிறார்கள். மூன்றாவது கோல் போட்டவருக்கு வயது முப்பத்தேழு, 2013 காலத்து ஆள். உனக்கு முப்பத்துநாலுதான் ஆகிறது. ஜூனில் அவர்கள் உன் சவூதியோடும் மோதுகிறார்கள். நீ யாருக்குக் கை தட்டுவாய் என்று எனக்குத் தெரியும், சத்தம் வராமல் தட்டிக்கொள்.

பெருநாள் கழிந்து ஏப்ரலில் கடற்கரை ஊர்க் கோப்பை ஆரம்பம். உன் ஒன்பதாம் நம்பர் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. நீ ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி. என்னோடு பேசக்கூட வேண்டாம். லீவை மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே.

இன்னொன்று. மாஷிதா வாரத்துக்கு இரண்டு தடவை உன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வருகிறாள். நான் வாசலோடு நின்றுவிடுகிறேன். உள்ளே வாங்கண்ணே என்று சல்மா கூப்பிடத்தான் செய்கிறாள். நீயே இன்னும் தூக்காத பிள்ளையை நான் எப்படி முதலில் தூக்குவது? அல்லாஹ் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். முதலில் நீ தூக்கு. ஆசை தீர வைத்திருந்துவிட்டு, மனசு வந்தால், உன் கையால் என்னிடம் கொடு.

உனக்காக துஆ கேட்கும்,
ஜாபர் சாதிக்