ஒயர் மைலோ டின்னில் இல்லை

பத்துமலை அப்பாவுக்கு,

நான் பேக்டரிக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

லேண்ட்ரோவரைப் பார்க்கச் சுங்காய் டவுனிலிருந்து பஞ்சலிங்கம் ஐயா வருகிறார். தரைத்தகடு துருப்பிடித்ததும் கூரைத்துணி கிழிந்ததும் அவருக்குத் தெரியும். "எஞ்சின் ஓடினால் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது.

விற்கலாம் என்று நீங்களும்தான் சொன்னீர்கள். ஆனால் ஆள் வரும்போதெல்லாம் எஞ்சின் ஒயரைக் கழற்றி மைலோ டின்னில் ஒளித்துவிட்டு, "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுலா" என்கிறீர்கள். எனக்குத் தெரியும். சண்டை போடத் தெம்பு இல்லை. நேற்று நீங்கள் வெளியே போனபோது, பக்கத்து வீட்டு ராஜுவைக் கூப்பிட்டு அதை மாட்டச் சொன்னேன். இன்று கழற்றாதீர்கள். நம் பிள்ளை பத்துமலை செத்து வருஷம் திரும்பிவிட்டது. அவன் வண்டி மழையில் கிடந்து இற்றுப்போகிறது.

பத்துமலை அம்மா

மறந்துவிட்டேன். ஐயாவுக்கு வெறும் தேத்தண்ணிதான் கொடுக்க முடியும், பால் டின் தீர்ந்துவிட்டது. நேற்று ராஜு எஞ்சினைப் போட்டான். அடுப்படியில் இருந்த நான் அந்தச் சத்தம் கேட்டதும், பத்துமலைக்குக் கலக்குகிற மாதிரியே பாலை நிறைய ஊற்றித் தேத்தண்ணி கலக்கி வண்டிக்குக் கொண்டுபோய்விட்டேன். ராஜு வாங்கிக் குடித்தான்.