அத்தை வரைந்த சூரியன்

ஜூன் 6

இன்று காலை அத்தை தேநீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே, வெறும் காற்றில் வைத்தாள். விழுந்து உடைந்தது. "யாருடி மேசைய நகர்த்துனது?" என்று என்னைத்தான் பிடித்தாள். மேசை சுவரோடு சேர்த்து ஆணி அடித்தது.

துடைத்தேன். 

ஜூன் 9

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துவந்தாள். "பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாது" என்றாள். சூரியன் மட்டும் ஓடிவிடுமா? தொலைநோக்கி வழியாக வெள்ளைத் தாளில் சூரியன் வட்டமாக விழும். அதிலுள்ள கரும்புள்ளிகளை அவள் பென்சிலால் குறிப்பாள். தாள் மாற்றுவது, பென்சில் சீவுவது, திட்டு வாங்குவது என் வேலை. புள்ளிகள் நகர்வதில் யாரும் கவனிக்காத ஓர் ஒழுங்கை முதலில் கண்டவள் இவள்தான். எல்லோரும் சிரித்தார்களாம், பிறகு பாடப்புத்தகத்தில் போட்டார்களாம். நான் அந்தப் பாடம் வரை படிக்கவில்லை.

ஜூன் 10

கோழி மாதிரி தலையைச் சாய்த்துத்தான் தாளைப் பார்க்கிறாள். நேராகப் பார்த்தால் தெரியவில்லை போல. நல்லா வேணும்.

ஜூன் 13

தொலைநோக்கி வானியல் சங்கத்துடையது. சங்கத் தலைவர் வியாழக்கிழமை வருகிறார். அவர் எதிரே அத்தை வரைந்து காட்ட வேண்டும். "வரைய ஆள் இல்லாத இடத்துல கருவி எதுக்கு?" என்று சொல்லிவிட்டாராம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எடுத்துட்டுப் போகட்டும். நீ வந்துடு. பள்ளிக்கூடத்துல பேசிட்டேன், திரும்ப சேர்த்துக்கறாங்களாம்."

வியாழனை நினைத்தாலே இனிக்கிறது.

ஜூன் 15

"பென்சில் புள்ளிகிட்ட வந்தா இருமு" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இருமல் வரலன்னா?"

"வரவை. இத்தன நாள் சோறு போட்டிருக்கேன்ல."

கண் போய்விட்டது என்று மட்டும் சொல்லமாட்டாள். ஒத்திகையில் பெரிய புள்ளிக்கு ஒன்று, அதன் பின்னாலிருந்த சின்னவற்றுக்கு இரண்டு இருமினேன். "காசநோய்க்காரி மாதிரி இருமாத" என்றாள்.

ஜூன் 16

தலைவரோடு இன்னும் இரண்டு பேர். "ஓய்வெடுக்கிற வயசு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பெரிய புள்ளியை அத்தை தானாகவே போட்டாள். சின்னவை இரண்டும் அப்படியே இருந்தன. பென்சில் அவற்றின் மேலேயே போனது. தொண்டை தயாராகத்தான் இருந்தது. நான் இருமவில்லை.

"அவ்வளவுதானா?" தலைவர் கேட்டார்.

பென்சில் நின்றது. "நேத்து பின்னால ரெண்டு சின்னது இருந்துச்சு. இன்னிக்கு இருக்கான்னு எனக்குத் தெரியல. நேரா பாத்தா எதுவுமே தெரியறதில்ல, கொஞ்ச நாளாவே. தப்பான படம் என் பேர்ல வேணாம்."

என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"இருக்காடி?"

இல்லை என்று ஒரு சொல். அதோடு பள்ளிக்கூடம். தலைவர் சிரித்த முகமாக, "பயப்படாம சொல்லும்மா" என்றார்.

சூரியன் தாளை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. அவள் விரல்களிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, இரண்டையும் போட்டேன்.