ரத்தம் வருகிறவர் முதலில்

உன்னை வீட்டில் விட்டுவிட்டு என் மகளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்று சொல்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக் கூடத்திலேயே, என் காதில் விழும்படி சொன்னார்கள். அது தவறு. நீ என்னுடன் வந்தாய். குதிரைவண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்தாய். என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் நடந்ததை நடந்தபடி பேச வேண்டும்.

அவள் புருவத்துத் தழும்பால் எழுந்த பேச்சு அது. பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் கணவர் போன பிறகு இப்படிப்பட்ட காரியங்களில் நான் முன்னால் வந்து நிற்பதில்லை, உள்ளறையில் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "புருவத்துல என்னம்மா இது, கோடு மாதிரி?" என்று கேட்டார். முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்த என் ஓரகத்தி சும்மா இருந்திருக்கலாம். "அது பெரிய கதைங்க. அன்னைக்கு ஒரு உயிரே போச்சு. எங்க அக்கா, பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. கூட ஓடியாந்தவளை அப்படியே விட்டுட்டாங்க" என்றாள்.

அந்தத் தெருமுனை உனக்கு நினைவிருக்கும். யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பிரித்து, பலகைகளையும் மூங்கில்களையும் குதிரைவண்டிகள் நிற்கும் இடத்தில் குவித்திருந்தார்கள். அப்போது ஏழு வயதான என் மகள் அதன் மேல் ஏறி, சறுக்கி, கல்லில் முகம் மோதி விழுந்தாள். அலறல் கேட்டு, அடுத்தடுத்த வீட்டுக்காரிகளான நாம் இருவரும் அவரவர் வாசலிலிருந்து ஓடினோம். நான் குவியலைச் சுற்றிக்கொண்டு போனேன். நீ அதன் மேலேயே ஏறி, வெறுங்காலுடன், நேரே அவளிடம் போனாய். நான் போய்ச் சேரும்போது அவள் உன் தோளில் இருந்தாள். அவள் முகம் எது, உன் சேலை எது என்று தெரியாத ரத்தம்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு அப்புங்க" என்றது கூட்டம். தெருக்கோடி கம்பவுண்டர் பஞ்சை வைத்து அழுத்திப் பார்த்தார். "நானே கட்டு போட்டுடுவேம்மா. ஆனா பொம்பளைப் புள்ள முகம். தையல் போட்டாத்தான் தழும்பு கம்மியா இருக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க." நான் தயங்கினேன். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டுக்கொண்டு போகலாம் என்றேன்.

"அவர் வந்து என்ன, ஊசியும் நூலும் கொண்டாரப் போறாரா? ஏறுடி வண்டியில" என்றாய்.

எங்கே போவது என்பதை முடிவு செய்தது நீதான். இதையும் அவர்கள் சொல்வதில்லை.

வண்டியில், "அங்க போனதும் உன் கான்வென்ட் இங்கிலீஷை எடுத்து விடு. சீட்டு எழுதுறவர் எழுந்து நின்னுடுவார்" என்றாய். நீயும் அதே கான்வென்ட்தானே என்றேன். "எனக்கு அங்க கிடைச்சது பிரம்படி மட்டும்தான்." அந்த நிலையிலும் என்னைச் சிரிக்க வைத்தாய். முதலுதவி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது நம் இருவருக்கும் மனப்பாடம்: ரத்தம் வருகிறவர் முதலில், மற்றவர் பிறகு. அதன்படியே நடந்தோம். 

தையல் போட்டார்கள். பிறகு நர்ஸ் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டாள். நீ குனிந்து அவள் காதில், "இந்த ஊசி போட்டுக்கிட்டா ஜன்னி கிட்டவே வராதுடா கண்ணு" என்றாய். நர்ஸ் உன் சேலையைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கும் அடி பட்டுதா?"

"இல்லைங்க. எல்லாம் இவ ரத்தந்தான்."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் உனக்கு வாய் திறக்க முடியவில்லை. பல்வலி என்று கிராம்பை அடக்கிக்கொண்டாய். "வாய் மூடாதவளுக்கு வாய் திறக்கலை, பாத்துக்க" என்று பல்லிடுக்கில் நீயே கேலி செய்தாய். மறுநாள் முதுகு வில்லாக வளைந்தது. அதே பாலம், அதே ஆஸ்பத்திரி. டாக்டர் உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, வலது உள்ளங்காலில் விரலை வைத்தார். கடுகளவு கறுப்புப் புள்ளி. ரத்தம் வந்த அடையாளமே இல்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். "ஆணி எப்ப குத்துச்சு?" என்று கேட்டார். உன் வாய் பூட்டிக் கிடந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

தெருவில் எத்தனையோ பேருக்கு வந்த கடிதங்களின் கையெழுத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பார்வையை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

பள்ளியில் அம்மை குத்த வந்த அன்று நீ சேப்பலில் ஜெபம் செய்யும் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய். ஊசிக்கு அவ்வளவு பயம். அந்தப் பயத்தில் மறைத்தாயா? வண்டியில் வலது காலை மடக்கி உட்கார்ந்திருந்தாய். வலியினாலா? நீ எப்போதும் அப்படித்தான் உட்காருவாய். ஓடிய வேகத்தில் குத்தியது உறைக்கவே இல்லையா? உறைத்தும், என் குழந்தையின் முறை முதலில் முடியட்டும் என்று நின்றாயா? நான் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் தாழவில்லை.

இப்போதும் அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது முதலுதவிக்கு என் வாசலுக்கு வந்தால், தூக்கி வந்தவரின் உள்ளங்காலைக் காட்டச் சொல்கிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். ஒரு பெண், "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று சொன்னாள். அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். உன்னைத் தவிர எல்லோருடைய காலையும் பார்த்தாகிவிட்டது.

தழும்பு அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. தை மாதம் கல்யாணம். பந்தல் பிரிக்கும்போது ஆணிகளை நானே நின்று பொறுக்கிக்கொள்வதாகப் பந்தல்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஓரகத்தி சொன்னது என் மகள் காதிலும் விழுந்திருக்கிறது. அவர்கள் போனதும் புருவத்தைத் தடவிக்கொண்டே வந்து நின்றாள். "அம்மா, சித்தி என்னாலதான் செத்துப்போனாங்களா?"

இத்தனை நாளும், சித்தி என்று அவள் கூப்பிட்ட நீ காய்ச்சலில் போனதாகத்தான் அவளுக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு வராது, நீ அறிவாய். ஆணி குத்தியது உனக்குத் தெரியாது என்றால், அது யாராலும் ஆனதில்லை என்று நிமிர்ந்து நின்று சொல்வேன். தெரிந்துதான் நின்றாய் என்றால், அதையும் அவளிடம் சொல்வேன். உன் மடியில் படுத்து வந்தவள் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் அவளை மணையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நானும்தான்.

அன்று உன் காலில் ஆணி குத்தியது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி போதும். பதில் எழுது.