மேல் வரிசை

ஊரூர் குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

என் மகள் மேகலாவுக்கு அம்மா தேசம்மா எழுதுவது. நான் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறேன். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நீ இருக்கிற மல்பேயில் படகு வேலைக்கு வந்திருக்கும் நம்ம குப்பத்து ஆட்கள் யாராவது செல்லில் ஒரு படத்தை உனக்குக் காட்டியிருப்பார்கள். அதில் உன் அப்பா பக்கத்தில், மேகத்துக்கு நடுவில், தலையைச் சுற்றி வெளிச்சம் போட்டு நான் இருப்பேன். பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. நேற்றுகூடப் பாரை மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். மேகத்தில் என் பக்கத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்பதையும் நீ பார்த்திருப்பாய். அதற்கும் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் போன் நம்பர் எங்களிடம் இல்லை. விலாசத்தைப் பக்கத்து வீட்டுத் தேவானையின் தம்பி அங்கே வந்தபோது எழுதி வாங்கி வந்தான். நான் படித்தது அஞ்சாவது. யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். இதை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தாலும் என் எழுத்து.

உன் அண்ணன் மகள் தமிழ்மொழி பெரியவளாகிவிட்டாள். நீ பார்த்த குழந்தை இல்லை, என் தோளுக்கு மேலே வளர்ந்து நிற்கிறாள். கணக்கில் வகுப்பில் அவள்தான் முதல். வாலிபால் ஆடி மாவட்டம் வரைக்கும் போய்க் கோப்பையோடு வந்தாள். அந்தக் கோப்பையை மீன் விற்கப் போகும்போது அன்னக்கூடையில் வைத்து எடுத்துப் போய்ப் பெசன்ட் நகர் வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் காட்டினேன். ஒரு அம்மா, மீன் வாசனை அடிக்கிறது என்று தூர நின்றே பார்த்தாள். பார்த்தாளே, அது போதும்.

வயசுக்கு வந்த அன்று தேவானைதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அத்தை ஊற்ற வேண்டிய செம்பு. பெண் ஈரத்தலையோடு நின்றுகொண்டு, அப்பன் காதில் விழும்படியே, "ஆயா, சடங்குக்காவது அத்தை வரும்ல?" என்று கேட்டாள். உன் அண்ணன் பஞ்சாட்சரம் செருப்பை மாட்டிக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டான். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மஞ்சள் நீராட்டு. ஒன்றுவிட்ட அத்தை முறையில் வடபழனியிலிருந்து ஒருத்தியைச் சொல்லி வைத்திருக்கிறான். அவளுக்குப் பெண்ணின் பேரே சரியாகத் தெரியாது. தமிழரசி என்கிறாள்.

இப்போது விசேஷம் என்றால் பேனர் இல்லாமல் இல்லை. அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் சந்திரிகா என்ற பெண் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கிறாள். உன் அண்ணனோடு நானும் போனேன். வேடிக்கையான வேலைதான். ஒவ்வொரு படமாக எடுத்து, பின்னால் இருக்கும் சுவர், மரம், வேண்டாத ஆட்கள் எல்லாவற்றையும் அழிக்கிறாள். பிறகு முகத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து, கஞ்சியில் உப்புக் கரைகிற மாதிரி, பக்கத்து முகத்தோடு கரைத்துவிடுகிறாள். நடுவில் பட்டுப்பாவாடையில் தமிழ்மொழி. அவள் பாவாடை எங்கே முடிகிறது, பின்னால் போட்ட கடல் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று நான் பார்த்து எத்தனை காலமாயிற்று. கம்ப்யூட்டர் ஒரு உலை சோறு வேகிற நேரத்தில் சேர்த்துவிட்டது.

அதில் ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் கீழ் வரிசை. போனவர்கள் மேல் வரிசை, மேகமும் வெளிச்சமும் வைத்து. உன் அப்பா மாசிலாமணி மேலே. உன் வீட்டுக்காரராக இருந்த தேசிங்குவும் மேலே. தேசிங்கு முகம் வந்ததும் உன் அண்ணன் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டான். "கண்ணு இருட்டா கீதுமா, கொஞ்சம் தெளிவாக்கு. சிரிக்கிற மாரி கீற படம் வேற இல்ல" என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினான்.

உன் படத்தை அவன் கொண்டு வரவில்லை. எனக்குத் தெரியும். அதனால் நீயும் தேசிங்குவும் மாலையோடு நிற்கும் கல்யாணப் படத்தை முந்தானைக்குள் வைத்து எடுத்துப் போயிருந்தேன். எடுத்து நீட்டினேன். சந்திரிகா வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "இவங்க கீழயா மேலயா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் உன் அண்ணன் சொல்லிவிட்டான். "போட்டே தீரணும்னா மேல போடு. தேசிங்கு பக்கத்துல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எப்படி வந்ததோ தெரியாது, "அப்ப என்னையும் மேல போடும்மா, எம்பொண்ணு பக்கத்துல" என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன், "இன்னாமா பேசுற? நீ குத்துக்கல்லு மாரி குந்திகினு கீறியே" என்றான். "அவளும் எங்கியோ குந்திகினுதான்டா கீறா" என்றேன். "போடு, அதையும் போடு! எல்லாரையும் போடு!" என்று கத்திவிட்டு வெளியே போய் டீக்கடையில் நின்றான். அந்தப் பெண்ணுக்குக் கை வரவில்லை. "பாட்டி, ஒரு நல்ல காரியத்துக்கு இப்டிப் பண்ணலாமா?" என்றாள். அவள் போடும் வரைக்கும் நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் எப்படியும் செய்திருக்க மாட்டாள் என்று உன் அண்ணன் நினைத்துக்கொண்டான். செல்லுக்குப் படம் வந்ததும் திறந்துகூடப் பார்க்காமல், இதுதான் அழைப்பு என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் தள்ளிவிட்டான். அவ்வளவுதான். காசிமேட்டிலிருந்து உன் சின்ன மாமன் அழுதுகொண்டே போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "அக்கா எப்ப போச்சு? எடுத்தாச்சா?" என்கிறான். "இன்னும் எடுக்கலடா, சோறு துன்னுகினு கீறேன்" என்றேன். போனைக் கீழே போட்டுவிட்டான். தேவானை வாசலில் நின்று, "ஏன்டி தேசம்மா, செத்தவ சொல்லிட்டுச் சாவ மாட்டியா? கோடித்துணிக்கு நான் எங்க போவேன்" என்று கேலி செய்கிறாள். குப்பமே சிரிக்கிறது. நானும் சிரித்தேன்.

வீட்டில்தான் சிரிப்பு இல்லை. சடங்கு வீட்டில் அபசகுனம் செய்துவிட்டேன் என்று உன் அண்ணி வைதேகிக்கு ஆத்திரம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பெண்ணுக்கு நடக்கிற விசேஷம். தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, பேசாமல் போய்விடுகிறாள், படத்துக்குப் படைக்கிற மாதிரி. உன் அண்ணன் நான் தூங்கின பிறகு வருகிறான், எழுந்திருப்பதற்குள் கடலுக்குப் போகிறான். தமிழ்மொழியைத் தனி இடத்தில் உட்கார வைத்திருப்பதால் அவளோடும் ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பேச்சு. சாயங்காலம் படகு நிழலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வலை பிரிப்பவர்கள் பேசுவது காதில் விழும். யாரோ நாலு பேர் பேசுவது கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

உன் அண்ணனைக் கல்நெஞ்சக்காரன் என்று எண்ணிவிடாதே. படகு கவிழ்ந்த அன்று அவன் கைக்குக் கயிறு கிடைத்தது, தேசிங்கு கைக்குக் கிடைக்கவில்லை. அதை அவன் யாரிடமும் பேசுவதில்லை. உன்னோடு சேர்ந்து அழுதான், அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். வருஷம் திரும்புவதற்குள் நீ லாரன்ஸோடு போய்விட்டாய். நீ செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயசு, ஒரு துணை வேண்டும். ஐஸ் கம்பெனியில் உழைக்கிற பிள்ளை, குடிக்காத பிள்ளை என்று தேவானையின் தம்பி சொன்னான். கேட்டு மனசு குளிர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து உன் அண்ணன் தனியாக அழுகிறான்.

நேற்று அவன்தான் முதலில் பேசினான். முகத்தைப் பார்க்காமல், "உன்னை மட்டும் கீழ எறக்கச் சொல்லிடறேன்மா, உட்டுடு" என்றான். முடியாது என்றேன். "அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?" என்றான். குரல் உடைந்திருந்தது. வாசற்படி வரைக்கும் போனவன் திரும்பினான். பிறகு, "அது எங்க இருக்குன்னு உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை, போய்விட்டான். மேகலா, தெரியுமா என்று அவன் கேட்டான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பேனர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சடங்குக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் போகும். ஒருத்தரை மேலேயிருந்து கீழே இறக்குவது பெரிய வேலை இல்லை, வந்து சொன்னால் போதும் என்று சந்திரிகா சொல்லியிருக்கிறாள். உன் புதுப் படம் எதையும் அனுப்பாதே. படத்தை உன் அண்ணன் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வாசலில் வந்து நிற்கிறவளை அவனால் எங்கே வைக்க முடியும்? திட்டுவான். கத்துவான். நான் இருக்கிறேன். லாரன்ஸையும் கூட்டி வா. முதல் நாள் தேவானை வீட்டில் தங்கலாம், அவள் பாயெல்லாம் உதறி வைத்துவிட்டாள்.

எல்லையம்மன் துணையால் நீயும் அவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் வயிற்றிலும் ஒன்று பிறந்து, நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். சீர், புடவை, தட்டு என்று எதற்கும் அலையாதே. மஞ்சளும் தண்ணீரும் செம்பும் இங்கே இருக்கின்றன. நீ கையை மட்டும் கொண்டு வா கண்ணு.

கீழே இறங்கக் காத்திருக்கும்
உன் அம்மா,
மா. தேசம்மா