ஏலத்தில் போன முதல் பெட்டி

பிப்ரவரி 10

மின்சார ரயில் வழக்கம்போல் தாமதம். செங்கல்பட்டில் இறங்கி ஓடி, எங்கள் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குள் நுழைந்தால், ஜான்சன் சார் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். மெக்கானிக்கல் துறை. மாமல்லபுரத்து மீனவப் பெண்களுக்காக, மணலும் ஈயும் அண்டாமல் கருவாடு காயவைக்கும் பெட்டி செய்தவர். போன மாதம்தான் அதன் காப்புரிமைக்கு மனுப் போட்டோம்.

போட்டோ காட்டினார். படாளம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, முதல் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் நாள். அவர் அம்மா செல்லம்மா முதல் பெட்டியைக் காணிக்கையாக வைக்க, ஊரே சுற்றி நின்று ஏலம் கேட்கிறது.

"இது எப்ப?" என்றார் எங்கள் மேலதிகாரி ஷாஹிதா மேடம்.

"செப்டம்பர்ல, மேடம்."

மனுவுக்கு முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் காப்புரிமை கிடைக்காது. போச்சு. அத்தனை உழைப்பும்!

பிப்ரவரி 11

செல்லம்மாவே போன் செய்தார். "மொத பொட்டிய சாமிக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது? இன்னா சட்டம்மா இது?"

நல்ல கேள்வி.

பிப்ரவரி 12

வழி இருக்கிறது! புதிய சட்டத் திருத்த வரைவு: கண்டுபிடித்தவரே காட்டியிருந்தால் ஓராண்டு விலக்கு, நிலுவையிலுள்ள மனுக்களுக்கும் சேர்த்து. ஆனால் அறிஞர்கள் மாநாட்டில் காட்டியிருந்தால் மட்டுமாம். நல்லவேளை, வரைவைப் பற்றி மாத இறுதிவரை யாரும் அரசுக்குக் கருத்து அனுப்பலாம். சும்மா விடுவேனா?

பிப்ரவரி 17

பக்கம் பக்கமாக நான் எழுதிய கருத்துரையை மேடம் புரட்டினார். "இன்னா ஜாக்குலின், தூக்க மாத்திரையா? அந்த ஏலத்த எழுதும்மா. எந்த வார்த்தைய மாத்தணும்னு எழுது. போதும்."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக.

பிப்ரவரி 20

மற்ற கல்லூரி அலுவலகங்களுக்கும் போன் போட்டேன். ஒரு பேராசிரியர் தேர்த் திருவிழாவில் காட்டியிருக்கிறார், இன்னொருவர் மச்சான் கல்யாணத்தில்! மாநாட்டில் காட்டியவர் ஒருவருமில்லை. எல்லாரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுகிறோம்.

பிப்ரவரி 27

அனுப்பியாச்சு. ஒன்றரைப் பக்கம். மேடம் வீட்டு இறால் வறுவலோடு கொண்டாட்டம்.

ஜூலை 3

திருத்திய வரைவு வந்துவிட்டது. 'மாநாட்டில்' போய், 'எங்கு காட்டியிருந்தாலும்' வந்திருக்கிறது. ரயிலிலேயே கத்திவிட்டேன்.

எதிர் சீட்டுக்காரர், "இன்னா தங்கச்சி, வேல கெடச்சிச்சா?"

செப்டம்பர் 14, ஞாயிறு

போன வாரம் சட்டம் நிறைவேறியது. ஜான்சன் சாரின் மனு பிழைத்தது. அப்பாடா!

இன்று படாளத்தில் அறுப்பின் பண்டிகை. அவருடைய அடுத்த பெட்டி, இன்னும் மனுப் போடாதது, போர்வைக்குள் இருந்தது. செல்லம்மா போர்வை நுனியை விடாமல் பிடித்தபடி கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"தொறக்கலாமாம்மா?"

"தொறங்கம்மா!"

ஒரே கைத்தட்டல். ஏலத்தில் நானும் விடாமல் கேட்டேன், ஜெயித்துவிட்டேன். அதை ரயிலில் எப்படி ஏற்றுவது என்பது அப்புறம்தான் உறைத்தது.