பழைய அட்ரஸைக் கேட்ட மெஷின்

தம்பி,

இன்று காலை பக்கத்து வீட்டில் இன்டர்நெட்டுக்கு வயர் இழுத்தார்கள். வெட்டிப் போட்ட நீல வயர்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். உரித்த பிளாஸ்டிக்கின் அந்த வாடை வந்ததும் உன் முகமும் வந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் டீச்சர் எழுதுகிறார்.

கிழக்கேகோட்டையில் அந்த டைப்பிங் ஆபீஸுக்கு நெட்வொர்க் போட்டது நாம்தான். அமெரிக்க டாக்டர்கள் பேசியதைப் பெண்கள் ஹெட்போனில் கேட்டு டைப் செய்யும் ஆபீஸ். நான் ஏணியில் ஏறி சீலிங்குக்குள் வயர் இழுப்பேன். நீ கீழே இருந்து, "அண்ணாச்சி, மேல எலி இருக்கா?" என்பாய். "இருக்கு, உன்னத்தான் விசாரிக்கு" என்பேன்.

அந்த வாரம் நெட்வொர்க் அடிக்கடி படுத்துக்கொண்டது. பாதிப் பேர் வேலை இல்லாமல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் உன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். நீ உன் லேப்டாப்பைச் சொருகி, வயரில் போவது வருவது எல்லாவற்றையும் பிடித்துத் திரையில் ஓடவிட்டு, வழக்கம்போல் எனக்குப் படித்துச் சொன்னாய்.

"ஒவ்வொரு மெஷினும் முழிச்ச உடனே, எனக்கொரு அட்ரஸ் தாங்கன்னு கேக்கும் அண்ணாச்சி. நம்ம சர்வர் ஒண்ணு எடுத்துக் குடுக்கும். இங்க ஒண்ணு மட்டும் நம்மகிட்ட இல்லாத அட்ரஸக் கேக்கு. இல்லன்னு சொன்னாலும் விடாம அதையே கேக்கு. அந்தக் கூச்சல்லதான் மத்ததெல்லாம் திணறுது."

"இல்லாதத எதுக்குடே கேக்கு?"

"முன்ன இருந்த இடத்துல கிடைச்ச அட்ரஸ். புது இடத்துக்கு வந்தாலும் முதல்ல அதத்தான் கேக்கும். கிடைக்கலன்னா புதுசு வாங்கிக்கிடணும். இதுக்கு என்னமோ கோளாறு, பழசையே பிடிச்சுட்டு நிக்கு."

மேனேஜர் குனிந்து, எந்த இடத்து அட்ரஸ் என்று மலையாளத்தில் கேட்டார். "எவிடத்தெ அட்ரஸாடோ அது?"

நீ யோசிக்கவில்லை. கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளையின் முகம் உனக்கு. பேட்டையில் இன்னொரு டைப்பிங் ஆபீஸுக்கு நாம் வயர் போட்டபோது அந்த எண்களை வைத்தவனே நீதான். "இது நம்ம பேட்டை ஆபீஸிலெ அல்லே சாரே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

உடனே உன் சிரிப்பு நின்றது. ஜன்னலோரம், அந்த ஆபீஸிலேயே தான் ஒருத்தி மட்டும் சொந்த லேப்டாப் கொண்டுவந்து டைப் செய்துகொண்டிருந்த பிந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அங்கே, மதியத்துக்கு மேல் இங்கே என்று, ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு ஆபீஸிலும் ஒளித்து உழைத்த பெண். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பேட்டைக்கும் போன் போனது. அந்த வேலையும் போயிற்று. நெட்வொர்க் நன்றாக ஓடியது. மேனேஜர் உனக்குச் சாயா வாங்கித் தந்தார். நீ தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வித்துராவில் அவள் வீட்டுக்குப் போனாய். வாசலில் அவளுடைய அப்பா. ஒரு கையும் காலும் விழுந்துபோன மனிதர். ஆபீஸிலிருந்து வருகிறோம் என்றாய்.

"கம்பெனி பூட்டிப்போயி அல்லே? கொச்சு பறஞ்ஞு. மோன்றெ பணியும் போயோ?"

கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்த பிந்து, அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாலேயே உன்னிடம் கெஞ்சினாள். மன்னிப்புக் கேட்கப் போன உன் வாய், "போயி மாமா. எல்லார்க்கும் போயி" என்றது. அவர் உனக்காக வருத்தப்பட்டார். "சாரமில்ல மோனே, வேறெ கிட்டும்" என்று, வேறு வேலை கிடைக்கும் எனத் தேற்றி, நல்ல கையால் உன் முதுகைத் தடவினார். அவள் தந்த பாலில்லாத கட்டன்சாயாவை நீ கடைசிவரை குடித்தாய்.

அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் நீ திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்ததில்லை. எனக்குக்கூட. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியாத எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

நீ நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. வித்துராவிலிருந்து திரும்பிய பஸ்ஸில், அவளிடம் சொல்ல வைத்திருந்ததை என்னிடம் சொன்னாய், அவளே முன்னால் இருப்பதுபோல, மலையாளத்தில். எழுதத் தெரிந்தவன் காகிதத்தில் வைத்துவிட்டு மறந்திருப்பான். என்னிடம் ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. அவளுடைய அப்பா இன்னும் அந்த வாசலில்தான் இருக்கிறாராம்; அவர் காதில் விழாமல் அதை எப்படி அவளிடம் கொண்டுபோவேன்?

"அதையும் சொல்லுங்க, எழுதுறேன்" என்கிறார் டீச்சர். வேண்டாம் என்றேன். அது அவளுக்கென்று உள்ளது.